மங்குத் தட்டைக் கவிழ்த்துப் பார்

அன்புள்ள பேத்திக்கு,

ஆயா எழுதுவது. இரண்டாம் கட்டு அலமாரியில் இருக்கும் மங்குச் சாமான் எல்லாம் உனக்குத்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எந்தக் காலத்துச் சாமான் என்று போனில் கேட்டாய். 'ரங்கூனிலிருந்து வந்தது' என்பார்கள் என் மாமியார். கேட்டுக்கொள், ஆனால் தட்டையும் கவிழ்த்துப் பார்.

பூப்போட்ட தட்டுகளின் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கிறது. அந்த நாடு பிறந்ததே 1918இல்தான். அதற்கு முந்திய தட்டாக இருக்க வழியில்லை. நீல வாளிகள் சுவீடனில் செய்தவை. மங்கு என்பது இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியைப் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைத்தது. இந்தச் சாமான் கப்பலேறி ரங்கூன் கடைக்கு வந்து, அங்கிருந்து நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. மாமியார் சொன்னதும் பொய்யில்லை.

பித்தளையில் வெட்டுவதுபோல் மங்கில் பேர் வெட்டினால் சில்லுத் தெறித்துவிடும். அதனால் சிவப்பு பெயின்டில் வீட்டு விலாசத்தை, அதாவது பெரியவர்கள் பேர்களின் முதலெழுத்துகளை, எழுதியிருக்கிறார்கள். முதல் எழுத்து, உன் ஐயாவின் பாட்டனார் பேருக்கு உரியது.

வாங்கிய காசு ஏது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பர்மாவில் நெல் விவசாயிகளுக்கு நம்மவர்களான செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930 வாக்கில் நெல் விலை விழுந்ததும் கடன் கட்ட முடியாமல் வயல்கள் கைமாறின. சில வருஷத்திலேயே கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் வந்துவிட்டது. நாங்கள் கேட்டது பணத்தை, நிலத்தை அல்ல என்பார்கள் பெரியவர்கள். இருக்கலாம், வயலை விட்டவனுக்கு அதில் என்ன ஆறுதல்? 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. பிறகு சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. பெருமையோடு இதையும் சேர்த்தே எழுதி வை.

கம்பி நார் போட்டுத் தேய்க்காதே. சில்லுப் போன தட்டில் சாப்பிடவும் வேண்டாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், புளிக்குழம்பு பட்டால் இறங்கும்.

கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதிய பட்டியல் உன் ஐயாவின் அக்காவிடம் இருக்கிறது. எது யார் சீராக வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேள்.

அன்புடன்,
ஆயா