பட்டாளத்து உத்தியோகமும் குடும்பக் கணக்கும்

ஏரிப் பாசனத்தை நம்பிய உத்திரமேரூர்ப் பகுதியில், மழை பொய்த்த வருஷத்தில் களத்து நெல் குறையும். பட்டாளத்திற்குச் சென்ற பிள்ளையின் சம்பளம் குறைவதில்லை. பெற்றோர் பலர் அவ்வுத்தியோகத்தை விரும்புவதற்கு இதுவே முதற் காரணம். விரும்புவது தவறன்று. ஆயினும் பாட்டனார் காலத்துச் சிப்பாய் வேலை வேறு, இன்றைய வேலை வேறு என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முன்னர்ச் சேர்ந்த சிப்பாய் 15 வருஷம் சேவை செய்தால் ஆயுட்கால பென்ஷன் பெற்றான். 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேவை நான்கே வருஷம். அதன் முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரையில் மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோருக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

திட்டத்தை அறிவித்தபோது வகுத்த விகிதப்படி முதல் வருஷச் சம்பளம் மாதம் ரூ.30,000, நான்காம் வருஷத்தில் ரூ.40,000. இதில் நூற்றுக்கு 30 பங்கு சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால், கைக்கு வருவது முதலில் ரூ.21,000, கடைசியில் ரூ.28,000. பிடித்த தொகை நான்கு வருஷத்தில் ஏறக்குறைய ரூ.5.02 லட்சம். சர்க்கார் அதே அளவு சேர்த்து, வட்டியுடன் சுமார் ரூ.11.71 லட்சம் கொடுக்கும். இதற்கு வருமான வரி கிடையாது. ஆனால் நடுவில் தானே விலகுபவனுக்குத் தன் பங்கும் வட்டியும் மாத்திரமே கிடைக்கும். பத்தாம் வகுப்புடன் சேர்ந்தவன் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ் பெற வழி உண்டு. இது சிறிய லாபமன்று.

நஷ்டத்தையும் மறைக்கலாகாது. விடுப்பு வருஷத்திற்கு 30 நாள்; அறுவடைக்கு அவனை எதிர்பார்க்க இயலாது. பணியின் காரணமாக உயிர் நீத்தால் காப்புறுதி ரூ.48 லட்சமும் கருணைத் தொகை ரூ.44 லட்சமும் உண்டு. எனினும் தாய்க்கு அது பிள்ளையாகாது.

பட்டாளமே நிலையானது என்றும் எண்ண வேண்டுவதில்லை. 1758-இல் தொடங்கிய மதராஸ் படைப்பிரிவே 1920-களில் செலவுச் சுருக்கத்தின் பொருட்டுக் கலைக்கப்பட்டு, யுத்தம் வந்தபின் 1941-இல்தான் மீண்டும் எழுப்பப்பட்டது.

ஆகவே, பிள்ளை சிப்பாய் என்ற பலத்தில் தகப்பனார் சங்கத்தில் கடன் கேட்கும்போது, தவணை அந்நான்கு வருஷத்திற்குள், கைக்கு வரும் சம்பளத்திலேயே தீருமா என்று பஞ்சாயத்தார் விசாரிக்க வேண்டும். சேவா நிதியை இதற்கு ஈடாகக் கருதுதல் கூடாது. கணக்குக் காட்டாதவர் வாரியத்திற்குத் தகுதியற்றவர் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கோயிற் சுவரில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அவ்வூரார் வீட்டுக் கணக்கு எழுதக் கூச வேண்டியதில்லை.

நிதி கைக்கு வரும் நாளில் அப்பிள்ளை இளைஞனாகவே இருப்பான். தங்கையின் கலியாணமும் பழைய கடனும் அத்தொகையை விழுங்கிவிட்டால், கிணறு வெட்டவோ, கறவை மாடு வாங்கவோ, லாரி ஓட்டும் தொழில் தொடங்கவோ அவனுக்கு வேறு முதல் இல்லை.