நல்லாயிட்டோம் என்று மருந்தை நிறுத்தலாமா?



சில வாரம் தூக்கமே கிடையாது, ஓயாத பேச்சு, கையிலுள்ள காசையெல்லாம் வாரி இறைப்பது. பிறகு சில மாதம் பெரட்டுக்குப் போக மனமில்லாமல் படுத்தே கிடப்பது, 'செத்தால் தேவலை' என்ற எண்ணம். இப்படி மாறி மாறி வந்தால் அது இருமுனை மனநோயாக இருக்கலாம். அது காத்து கருப்பும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. மருந்துள்ள வியாதி.

முக்கியமான மருந்து லித்தியம். ஜப்பான்காரன் காலத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாங்கியில் போர்க்கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், 1949-இல் இதன் பலனை உலகுக்கு எடுத்துக்காட்டினார். இன்றும் இது பயன்படுகிறது.

லித்தியம் இரத்தத்தில் குறைந்தால் பலனில்லை, கூடினால் விஷம். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் கூடப் பார்ப்பார்கள். வெயிலில் குலை வெட்டி வியர்த்துக் கொட்டினாலும், வாந்திபேதி கண்டாலும் அளவு கூடிவிடும். ஆகவே தண்ணீர் நிறையக் குடியுங்கள். உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். இடுப்பு வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேறு மருந்துகளும் உண்டு. வால்புரோவேட் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் டாக்டரிடம் அவசியம் பேச வேண்டும். ஒலான்சபின், குவெட்டியாபின் படபடப்பை அடக்கித் தூக்கம் தரும், ஆனால் உடல் எடையும் சர்க்கரையும் கூடலாம். லாமோட்ரிஜின் சோர்வு திரும்பாமல் காக்கும். அதைச் சாப்பிடும்போது தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் சிலருக்கு வெறிநிலை கிளம்பிவிடும். யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். பக்கத்து லயத்துக்காரர் மாத்திரை நமக்கு ஆகாது.

"இப்பதான் நல்லா இருக்கேனே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான்! திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். குறைப்பதானாலும் டாக்டர் சொல்படி மெல்ல மெல்லத்தான்.

தம்போய் என்றாலே நம்மவர்களுக்குப் பயம். அங்குள்ள பெர்மாய் மருத்துவமனை வைத்தியம் செய்யும் இடம், வெட்கப்படும் இடமல்ல. முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். சாக வேண்டும் என்று பேசுபவரைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். கிளினிக் நாளுக்கு லீவு கேட்கத் தயக்கமா? கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளத்தைப் பார்த்து ஓர் உயிரை விட்டுவிடாதீர்கள்.