செய்தியாகாத செய்திகள்

நுழையும் முன்

நாளேட்டில் வருவனவற்றைப் பற்றி நாம் அன்றாடம் பேசுகிறோம். வாராதவற்றைப் பற்றிப் பேசுவோர் சிலரே. உலகில் எந்தத் துன்பம் செய்தியாகிறது, எது ஆவதில்லை என்பதை ஆராய்ந்த அறிஞர்கள் சிலரின் கருத்துகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மாணவர்களே, நீங்கள் வாழும் நகரம் டெல்லியாக இருக்கலாம். புனேயாகவோ போபாலாகவோ இருக்கலாம். உங்கள் பாட்டியோ பெரியப்பாவோ வாழும் ஊர் மன்னார்குடிக்கு அருகிலோ சங்கரன்கோவிலுக்கு அருகிலோ இருக்கும். அவ்வூர் ஏரியின் கரை உடைந்து வயல்கள் மூழ்கினாலும் உங்கள் நகரத்து நாளேட்டில் ஒரு வரியும் வாராது. ஊரிலிருந்து தொலைபேசி வந்த பின்னரே வீட்டில் உள்ளோர் அறிவர். ஏரி உடைந்தது உண்மை. பயிர் அழிந்தது உண்மை. ஆயினும் நீங்கள் வாழும் நகரத்தைப் பொறுத்தவரை அது நிகழாதது போன்றதே. இக்குறை உங்கள் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஊர்களுக்கு நேர்வது நாடுகளுக்கும் நேர்கிறது.

1965ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களான யோகான் கால்டுங், மாரி ரூகே ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கால்டுங் சமாதான ஆய்வு என்னும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். காங்கோ, கியூபா, சைப்பிரசு ஆகிய மூன்று நாடுகளில் அக்காலத்தில் எழுந்த நெருக்கடிகளை நார்வேயின் நான்கு நாளேடுகள் எவ்வாறு வெளியிட்டன என்று அவர்கள் வரிவரியாக ஆராய்ந்தனர். அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று செய்தியாவதற்குப் பன்னிரண்டு காரணிகள் உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. பன்னிரண்டையும் இங்கு விரிப்பின் பாடம் நீளும். மூன்றை மட்டும் அறிவோம்.

வல்லரசு நாடுகளும் புகழ்பெற்ற மனிதர்களும் தொடர்புடைய நிகழ்ச்சி எளிதில் செய்தியாகும் என்பது ஒன்று. நன்மையைவிடத் தீமை விரைவில் செய்தியாகும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நாம் ஓரளவு அறிந்தவையே. மூன்றாவதே ஆழ்ந்து எண்ணத் தக்கது. நாளேடு ஒவ்வொரு நாளும் வெளிவருவது. ஆகவே நேற்றைய காலைக்கும் இன்றைய காலைக்கும் இடையில் தொடங்கி முடிந்த நிகழ்ச்சியே அதற்கு ஏற்றதாகிறது. சாலையோரக் கிணற்றில் ஒரு பேருந்து கவிழ்ந்தால் மறுநாள் அது செய்தி. அதே கிணறு பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாக வற்றிக்கொண்டிருந்தால், எந்த நாளில் அதனைச் செய்தியாக்குவது? வற்றுவதற்கு ஒரு தேதி இல்லை. தேதி இல்லாத துன்பத்திற்கு நாளேட்டில் இடமும் இல்லாமற் போகிறது.

இதனால் ஒரு செய்தியாளரைக் குறை கூறுவது பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது என்றே தோன்றுகிறது. நாளேட்டின் அமைப்பே அத்தகையது. எனினும் கால்டுங்கும் ரூகேயும் அத்துடன் அமைதி கொள்ளவில்லை. இக்காரணிகளை அறிந்து அவற்றிற்கு எதிராகச் செயற்படுமாறு செய்தியாளர்களை அவர்கள் கேட்டுக்கொண்டனர்.

செய்தியாகாமற் போவதால் வரும் கேடு என்ன? வங்காளத்தின் வரலாறு இதற்கு விடை கூறும்.

1943ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வங்காளத்தில் அரிசியின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்திற்கு ஏறியது. உழவுக் கூலிகளும் மீனவர்களும் ஊர்களை விட்டுக் கல்கத்தாவிற்கு நடந்து வந்து தெருக்களில் விழுந்து மடிந்தனர். ஆயினும் அன்றைய ஆங்கில அரசு அதனைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. போர்க்காலத் தணிக்கையின் காரணமாக நாளேடுகளும் அடக்கியே எழுதின. ஆகஸ்டு மாதத்தில் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேடு, தெருவில் கிடந்தோரின் ஒளிப்படங்களை வெளியிட்டது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஓர் ஆங்கிலேயர் என்பதும், அந்நாளேடு ஆங்கிலேயர்க்கு உரிமையானது என்பதும் குறிப்பிடத்தக்கவை. அப்படங்களுக்குப் பின்னர் அத்துயரை மறைத்தல் எளிதாக இருக்கவில்லை. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் ஏறத்தாழ முப்பது லட்சம் மக்கள் மாண்டனர் என்பது பின்னாளில் அமர்த்தியா சென் செய்த கணக்கு.

அமர்த்தியா சென்னுக்கு அப்போது வயது பத்தைத் தொடவில்லை. அவர் சாந்திநிகேதனில் தாத்தாவின் வீட்டில் வளர்ந்துவந்தார். பசியுடன் வீட்டு வாயிலுக்கு வருவோர்க்கு, குடும்பம் ஒன்றுக்கு ஒரு சிகரெட்டுத் தகர டப்பா அளவு அரிசி கொடுக்கலாம் என்று தாத்தா அவருக்கு அனுமதி அளித்திருந்தார். அந்த டப்பாவின் அளவு சிறிது. வந்தவர்களின் வரிசையோ நீண்டது. இதனைச் சென் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

அச்சிறுவன் பொருளியல் அறிஞராகி, 1981இல் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். உணவு இல்லாமையால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. உணவை வாங்கும் ஆற்றலை மக்களுள் ஒரு பகுதியினர் இழப்பதாலும் வருகிறது என்று அதில் நிறுவினார். அதன் பின் வந்த ஆண்டுகளில் அவர் வலியுறுத்திய மற்றொரு கருத்தே நம் பாடத்திற்கு உரியது. தேர்தலும் உரிமையுள்ள நாளேடுகளும் செயற்படும் நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்பது அக்கருத்து. பசியால் மக்கள் மடியும் செய்தி முதற்பக்கத்தில் வந்தால் ஆட்சியாளர்கள் வாளா இருத்தல் இயலாது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வறட்சிகள் வந்தன. ஆனால் வங்காளத்தில் நேர்ந்தது போன்ற பஞ்சம் வரவில்லை. அதே காலத்தில் சீனத்தில் 1958 முதல் 1961 வரை நேர்ந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். அங்கு அதனை எழுதுவதற்கு உரிமையுள்ள நாளேடு ஒன்றும் இல்லை.

இதனைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் சென் நம்மை அங்கே நிற்கவிடவில்லை. 1989இல் அவரும் ஜான் திரேசும் இணைந்து எழுதிய நூலில் மற்றொரு கணக்கைக் காட்டினர். திரேஸ் பெல்ஜியத்தில் பிறந்து, பின்னர் இந்தியக் குடிமகனானவர். இந்தியாவில் பஞ்சம் இல்லாத சாதாரண ஆண்டுகளிலும் சத்துக் குறைவாலும் மருத்துவ வசதி இன்மையாலும் மக்கள் இறந்துகொண்டிருந்தனர். சீனத்து இறப்பு வீதத்துடன் ஒப்பிட்டால், இவ்வாறு மிகுதியாக இறந்தோரின் தொகை எட்டாண்டுகளுக்கு ஒருமுறை அச்சீனப் பஞ்சத்தில் இறந்தோரின் தொகையையே எட்டிவிடுகிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். பஞ்சத்தை உரத்துக் கூறும் நம் நாளேடுகள், அன்றாடப் பசியை அவ்வாறு கூறவில்லை. கால்டுங்கின் சொற்களை இங்கு நினைவுகூருங்கள். பஞ்சத்திற்குத் தேதி உண்டு. சத்துக் குறைவிற்குத் தேதி இல்லை.

செய்திக்கும் உதவிக்கும் உள்ள தொடர்பை எண்களால் அளக்க முடியுமா என்னும் வினாவை எடுத்துக்கொண்டவர்கள் சுவீடனைச் சேர்ந்த பொருளியலாளர்கள் தாமஸ் ஐசென்சே, டேவிட் ஸ்ட்ராம்பெர்க் ஆகியோர். 1968 முதல் 2002 வரை உலகில் நேர்ந்த ஏறத்தாழ 5000 இயற்கைப் பேரிடர்களை அவர்கள் தொகுத்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரவுச் செய்திகளில் அவற்றுள் எவை இடம்பெற்றன, எவற்றிற்கு அமெரிக்க அரசு உதவி அனுப்பியது என்பனவற்றை ஒப்பிட்டனர். 2007இல் வெளிவந்த அவர்களின் முடிவு படிப்போரைத் திடுக்கிடச் செய்வது. ஒலிம்பிக் போட்டிகள் போன்ற பெருஞ்செய்திகள் தொலைக்காட்சியை நிறைத்திருக்கும் நாள்களில் நேரும் பேரிடர், செய்தியாகும் வாய்ப்பையும் உதவி பெறும் வாய்ப்பையும் இழக்கிறது. செய்தி நெருக்கடி மிகுந்த நாளில் நேரும் ஒரு பேரிடர், செய்தி குறைந்த நாளில் நேர்ந்ததற்கு நிகராக உதவி பெற வேண்டுமாயின், அதில் ஆறு மடங்கு மக்கள் இறந்திருத்தல் வேண்டும். எரிமலை வெடிப்பில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தியிடம், உணவுப் பற்றாக்குறையில் 40,000 பேர் இறந்தால்தான் கிடைக்கும்.

எரிமலையின் தீப்பிழம்பு படத்திற்கு அழகு. வெறும் அடுப்பைப் படம் எடுப்பவர் யார்?

ஒரு படம் எவ்வளவு செய்யும் என்பதற்கு எத்தியோப்பியா சான்று. அந்நாட்டின் வடபகுதியில் மழை பொய்த்தும் உள்நாட்டுப் போர் நீண்டும் மக்கள் நெடுநாளாக அல்லற்பட்டனர். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி, கோரம் என்னும் இடத்துக் காட்சிகளை ஒளிபரப்பியது. செய்தியாளர் மைக்கேல் புவர்க். படம் எடுத்தவர் கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். உலகெங்கும் தொலைக்காட்சிகள் அதனை மீண்டும் மீண்டும் காட்டின. அடுத்த ஆண்டு சூலை மாதத்தில் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நிதி திரட்டுவதற்காகப் பெரும் இசை விழாக்கள் நடந்தன. மழை பொய்த்ததோ அவ்விழாக்களுக்கு நெடுநாள் முன்னரே.

நம் நாட்டிலும் இக்குறையை உணர்ந்து செயற்பட்டவர் உண்டு. சென்னையில் பிறந்த செய்தியாளர் பி. சாய்நாத், 1990களில் ஐந்து மாநிலங்களின் மிக வறிய மாவட்டங்களில் தங்கி, நடந்து, மக்களுடன் பேசி எழுதினார். அவற்றுள் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அடங்கும். இராமநாதபுரத்து மிளகாய் உழவர்கள் தரகரிடம் சிக்கி உழல்வதையும், பனையேறிகளின் கடும் உழைப்பையும் அவர் பதிவு செய்தார். அவை ஒரு நாளில் நிகழ்ந்தவை அல்ல, ஆண்டுதோறும் நிகழ்பவை. புதுக்கோட்டையில் அவர் கண்டதோ மகிழ்ச்சியானது. அறிவொளி இயக்கத்தின்போது அம்மாவட்டத்து ஊர்ப்புறப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டும் குழந்தையை முன்னே அமர்த்திக்கொண்டும் அவர்கள் சென்ற காட்சியை அவர் எழுதினார். உங்களுள் சிலர் இக்கட்டுரையை எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் படித்திருக்கக்கூடும். தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இந்தி வழியே அறிந்திருப்பீர்கள்; அதுவும் நன்றே.

துன்பம் மட்டும்தான் மறைகிறது என்று எண்ண வேண்டா. நற்செய்தியும் மெதுவாக நிகழ்ந்தால் மறைந்துபோகும். நரம்புச் சிலந்தி என்னும் நோயைப் பற்றி உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். படிக்கட்டுக் கிணறுகளிலும் குளங்களிலும் உள்ள தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதால் வருவது அது. தண்ணீரில் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு நுண்ணுயிரியின் உடலில் தங்கி, அப்புழுவின் இளம்பருவம் நம் உடலுக்குள் புகுகிறது. ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை நீளமுள்ள புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அதனை ஒரு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பர். இழுத்து அறுத்துவிட்டால் புண் புரையோடும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. கொல்லும் மருந்தும் இல்லை. 1986இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இதனால் வருந்தினர். தண்ணீரைத் துணியால் வடிகட்டுதல், கிணறுகளைத் தூய்மையாக்குதல், புழு வெளிவரும் காலுடன் குளத்தில் இறங்காதிருத்தல் ஆகிய எளிய செயல்களாலேயே அது ஒடுங்கியது. தமிழ்நாட்டில் 1984இலேயே இந்நோய் மறைந்தது. இந்தியாவில் இறுதி நோயாளி 1996இல் இராசத்தானில் காணப்பட்டார். 2000இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை இந்நோய் அற்ற நாடாக அறிவித்தது. 2023இல் உலகம் முழுவதிலும் நோயுற்றோர் 14 பேர் மட்டுமே. பணி இன்னும் முடியவில்லை. ஆப்பிரிக்காவின் சாடு நாட்டில் நாய்களுக்கும் இப்புழு பரவுவதால், அதனை அடியோடு ஒழிப்பது கடினமாகியுள்ளது. 35 லட்சம் 14 ஆகக் குறைந்த கதை எந்த நாளேட்டின் முதற்பக்கத்திலும் ஒரே நாளில் வந்திருக்க முடியாது. அது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடந்த செய்தி.

சொல்லும் பொருளும்

வாளா – சும்மா
தணிக்கை – வெளியிடும் முன் ஆராய்ந்து நீக்குதல்
உழல்தல் – வருந்தி அலைதல்
அல்லல் – துன்பம்
தரகர் – விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் இடைநின்று கூலி பெறுபவர்

விடையளிக்க

1. 'தேதி இல்லாத துன்பம்' என்பதனால் நீங்கள் உணர்வது யாது? பாடத்தில் இல்லாத ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. பஞ்சத்தைத் தடுத்த நாளேடுகள் சத்துக் குறைவைத் தடுக்கவில்லை என்று சென்னும் திரேசும் கூறுவதன் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. 'செய்தியாளரைக் குறை கூறுவது பெரும்பாலும் பொருந்தாது' என்னும் பாடத்தின் கருத்துடன் நீங்கள் உடன்படுகிறீர்களா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.

செயல்பாடு

உங்கள் வீட்டிற்கு வரும் நாளேடு எம்மொழியினதாயினும், ஏழு நாள்கள் அதனைச் சேர்த்து வைக்க. எந்தெந்த நாடுகளின் பெயர்கள் வந்துள்ளன என்று குறித்துக்கொண்டு, உலகப் படத்தில் அவற்றிற்கு வண்ணம் தீட்டுக. அவ்வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையில் ஊரில் உள்ள உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவ்வூரில் அவ்வாரம் நடந்தவற்றையும், பல ஆண்டுகளாக நடந்துவருபவற்றுள் ஒன்றையும் கேட்டறிக. கேட்டதைத் தமிழில் ஒரு பத்தி அளவில் எழுதி, அவர் பேசிய சொற்களுள் உங்களுக்குப் புதியனவற்றை அடிக்கோடிடுக.