சென்னையில கொஞ்ச நேரம் தனியா உட்கார: அக்கா டிப்ஸ்

தி.நகர்ல இடிபட்டு, மெரினாவுல மணல் மிதிச்சு அலுத்துப்போன தங்கச்சிங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "அக்கா, சத்தம் இல்லாம கொஞ்ச நேரம் உட்கார இந்த ஊர்ல இடமே இல்லையா?" நிறைய இருக்கு. ஆனா யாருமே இல்லாத இடத்தைத் தேடிப் போகாதே. கேட்டு இருக்கணும், வாட்ச்மேன் இருக்கணும், சாயங்காலம் இத்தனை மணிக்குப் பூட்டுவோம்னு ஒரு கணக்கு இருக்கணும். அந்த மாதிரி இடத்துலதான் பொண்ணுங்க பயமில்லாம புஸ்தகம் பிரிச்சு உட்கார முடியும். 1977ல இருந்து பாதியில நிக்கிற அடையாறு உடைஞ்ச பாலம் போட்டோவுல அழகா இருக்கும்தான். பொழுது சாஞ்சப்புறம் அங்க உனக்கு ஒரு வேலையும் இல்லை.

இன்னொண்ணு, அமைதிக்காக ஊரைத் தாண்டி ஓட வேண்டாம். கூட்டம் நெரியற இடத்துக்குப் பக்கத்துச் சந்துலயே அது இருக்கும். பாரிமுனையை எடுத்துக்கோ. தள்ளுவண்டி, சரக்கு மூட்டை, ஆட்டோ ஹாரன்னு காது கிழியும். அங்கேயே அரண்மனைக்காரன் தெருவுல ஆர்மீனியன் சர்ச் இருக்கு. 1712ல கட்டி, 1772ல திரும்பக் கட்டினது. உள்ள நுழைஞ்சா முற்றம், மரம், தரையோட தரையா பழைய கல்லறைக் கற்கள். மணிக்கூண்டுல ஆறு பெரிய மணி. உலகத்துலயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794ல இந்த ஊர்லதான் அச்சாச்சு. அதை நடத்தின பாதிரியாரோட கல்லறையும் இங்கதான். இப்ப இந்த ஊர்ல ஆர்மீனியர்களைத் தேடித்தான் பிடிக்கணும். காலையில போயிடு, மதியத்துக்கு மேல கதவு சாத்திடலாம். செவ்வாய்க்கிழமை வேண்டாம், பக்கத்து அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் வரும்.

மயிலாப்பூர்ல கபாலீஸ்வரரைக் கும்பிட்டுட்டு அப்படியே திரும்பிடாதே. அந்த வட்டாரத்துல மொத்தம் ஏழு சிவன் கோயில். வெள்ளீஸ்வரரும் விருபாட்சீஸ்வரரும் நடந்து போற தூரம்தான். திருவிழா, பிரதோஷம் இல்லாத நாள்ல பிராகாரத்துல சாவகாசமா உட்காரலாம். பகல்ல நடை சாத்திடுவாங்க, அதனால காலையில சீக்கிரமா, இல்லேன்னா நாலு மணிக்கு மேல. அங்கிருந்து கிளம்பும்போது பகல் வெளிச்சம் இருந்தா திருமயிலையில பறக்கும் ரயில் ஏறு. ஜன்னல் சீட்டு கிடைக்கும், ஊரை மேலேருந்து பாக்கலாம். ராத்திரி மட்டும் வேண்டாம், அவ்வளவு பெரிய ஸ்டேஷன்ல நம்ம செருப்புச் சத்தம் நமக்கே கேக்கும்.

அடையாறு தியாசாபிகல் சொசைட்டி தோட்டத்தை எல்லாரும் சொல்வாங்க. அந்தப் பெரிய ஆலமரத்தோட தாய்மரம் 1989ல சாஞ்சிடுச்சு, இப்ப நிக்கிறது விழுதுங்கதான். வெளியாளுங்களைக் குறிச்ச நேரத்துல மட்டும்தான் விடுவாங்க, ஞாயித்துக்கிழமை கிடையாது. போன் போட்டுக் கேட்டுட்டுப் போ.

நந்தம்பாக்கத்துல போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல இறந்துபோன 800க்கும் மேலான பேர் அங்க இருக்காங்க. ரீல்ஸ் எடுக்கிற இடம் இல்லை அது.

எனக்குப் பிடிச்சது எக்மோர். ரயிலுக்கு நேரம் இருந்தா பெட்டியை கிளாக் ரூம்ல போட்டுட்டு, ஸ்டேஷனோட பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வா. 1821ல முடிச்ச செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச், கிர்க்னு சொன்னாதான் தெரியும். மண்ணு இளகலா இருந்ததால கிணறு கிணறா இறக்கி அதுமேல நிறுத்தின கட்டடம். உள்ள அண்ணாந்து பாரு: கரு நீலக் கூரையில தங்க நட்சத்திரம். பிரார்த்தனை நேரம் இல்லாதப்ப வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா போதும்.

அப்புறம் மியூசியம். கேட்டுல ஸ்கூல் டூர் பஸ் நின்னா பயந்து திரும்பாதே. பிள்ளைங்க விலங்கு எலும்புக்கூடு பக்கம்தான் ஓடும். நீ நேரா வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போ. திருவாலங்காடு நடராஜர், திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரர் ரெண்டு பேரையும் நிதானமா பாரு. மொபைலைப் பையில வெச்சிடு. கால் வலிச்சா அதே வளாகத்துல கன்னிமாரா நூலகம், 1896ல திறந்தது. வாசிக்கிற இடத்துல உட்காந்தா ஒருத்தரும் உன்னை என்ன ஏதுன்னு கேக்கப்போறதில்லை.

ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைச்சிருக்குன்னா மத்ததை எல்லாம் விட்டுட்டு எக்மோர் மட்டும் போ. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னிக்கு மியூசியம் லீவு.