கம்பியிலிருந்து குதிக்காதே, தம்பி



கபடியில் முழங்கால் போவது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்னரில் நிற்பவர் கணுக்காலை இறுக்கிவிட, பாடிப் போனவர் நடுக்கோட்டை நோக்கி உடம்பைத் திருப்புவார். ஊன்றிய கால் திரும்பாது. உள்ளே ஏ.சி.எல். லிகமென்ட் கிழிந்துவிடும்.

அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே பையன்கள் ஜிம்முக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கால்தானே போச்சு, கை இருக்கிறதே என்ற வேகம். வேகம் நல்லதுதான், டாக்டரும் பிசியோவும் சரி என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் மேலுடம்புப் பயிற்சி என்று பெயரிருப்பதாலேயே அது காலைத் தொடாது என்று நம்பிவிடக் கூடாது.

புல்-அப்ஸை எடுத்துக்கொள். தொங்கும்வரை முழங்காலுக்கு ஒரு சிரமமும் இல்லை. எண்ணிக்கை முடிந்ததும் பழக்கதோஷத்தில் கையை விட்டுக் குதிக்கிறார்களே, அங்கேதான் ஆபத்து. அடியில் உறுதியான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, நல்ல காலை முதலில் அதன்மேல் வைத்து இறங்கு. பெஞ்ச் பிரஸ்ஸில் கனம் ஏற ஏறப் பாதம் தரையைத் தானாக உதைக்கும்; எடையைக் குறைத்துத் தரையில் படுத்தே செய். டம்பெல்லைக் குனிந்து எடுக்காதே, யாராவது கையில் கொடுக்கட்டும். கர்லாக்கட்டை தோளுக்குத்தானே என்று தோன்றும். கட்டை முதுகுக்குப் பின்னால் சுழலும்போது அந்த வேகத்தைத் தாங்கி நிறுத்துவது கால்தான். கொஞ்ச காலம் அது சுவரோரம் சாய்ந்திருக்கட்டும்.

ஊன்றுகோலோடு நடக்கிற வாரங்களில் தோளுக்கு ஏற்கெனவே ஓவர்டைம். அதன்மேல் ஷோல்டர் பிரஸ்ஸையும் ஏற்றினால் தோள்வலி தனியாக வரும். அந்த நாட்களில் இழுக்கிற பயிற்சிகளே மேல்: நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்து, ரப்பர் பேண்டை மார்புவரை இழுப்பது. கபடியில் செயினாகக் கைகோத்து நிற்கவும் அந்த முதுகுதான் வேண்டும்.

மூச்சையும் விட்டுவிடாதே. ஒரு ரைடுக்கு 30 வினாடி, அதுவும் பாடிக்கொண்டே. கையால் சுற்றும் சைக்கிள் பிசியோவிடம் இருந்தால், 30 வினாடி வேகமாகச் சுற்றி, இளைப்பாறி, மறுபடி சுற்று. கைத்தசை சிறியது என்பதால் கொஞ்ச வேலைக்கே நெஞ்சு படபடக்கும். பயப்படாதே.

அவசரப்படுகிறவர்கள் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டைப் பார்க்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்கால் போய், ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். 2023 ஆகஸ்டில் மறுபடி முழங்கால் அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவரை சர்வதேசக் களத்தில் தோற்றே அறியாத ஜப்பானின் யூயி சுசாகியை வீழ்த்தினார். 2022 டிசம்பர் விபத்தில் முழங்கால் லிகமென்ட் கிழிந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், போட்டிக் களத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில்தான்.

கண்ணாடி முன்னால் கை பெருத்துக்கொண்டே போகும். கவனிக்க ஆளில்லாமல் தொடை சூம்பும். முழங்காலில் வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசை மூளையின் கட்டளைக்கே சரியாக மசியாது. அதனால் டம்பெல்லைத் தொடும் முன், பிசியோ சொல்லிக்கொடுத்தபடி தொடையை இறுக்கி விடுகிற பயிற்சியை முடித்துவிடு. வாரம் ஒருமுறை, முழங்கால் சில்லுக்கு ஒரு சாண் மேலே இரண்டு தொடைகளையும் அளந்து நோட்டில் எழுது. அதற்குத் தையல்காரரின் டேப் போதும்.