ஓடை சேருமிடம்: கிள்ளான் ஆறும் துணையாறுகளும்

நம் லயத்தின் ஓரமாக ஓடும் சிற்றோடை எங்கே போய்ச் சேருகிறது? வேறோர் ஓடையில் கலக்கிறது. அவ்வோடை ஆற்றிலும், ஆறு கடலிலும் கலக்கின்றன. ஓர் ஆற்றுக்கு நீர் தரும் நிலம் முழுவதும் அதன் வடிநிலம் எனப்படும். இதனைக் கிள்ளான் ஆற்றைக் கொண்டு அறிவோம்.

கோலாலம்பூருக்கு வடகிழக்கே தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் இவ்வாறு, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் துறைமுகத்தருகே மலாக்கா நீரிணையை அடைகிறது. 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை இதன் மேற்பகுதி நீரைத் தேக்குகிறது.

தலைநகரின் நடுவே, ஜாமெக் பள்ளிவாசலருகில் கோம்பாக் ஆறு இதனுடன் சேர்கிறது. அதற்கு முன்பே பத்து ஆறு கோம்பாக்கில் கலந்துவிடுகிறது. ('பத்து' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கல் என்பது பொருள், எண்ணிக்கை அன்று.) அதன்பின் கெராயோங், பெஞ்சாலா, டமன்சாரா முதலிய துணையாறுகள் புறநகர்களின் ஊடே வந்து சேர்கின்றன.

பெஞ்சாலா ஆறு தோன்றும் புக்கிட் கியாராவில் முன்பு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அது பாயும் பெட்டாலிங் ஜெயாவும், எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் 1950களில் எழுந்த நகரமே. மரங்கள் நின்ற மண் மழைநீரை உறிஞ்சியது. தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் உறிஞ்சுவதில்லை. மழைநீர் முழுவதும் ஒரே வேளையில் ஆற்றுக்கு விரைகிறது. குப்பை வழியை அடைத்தால் வெள்ளம் வீட்டினுள் புகுகிறது. 2006 பிப்ரவரியில் டமன்சாரா ஆறு பெருகி, ஷா ஆலமில் குடியிருப்புகளை மூழ்கடித்தது. தலைநகரைக் காக்க, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கவழி 2007இல் திறக்கப்பட்டது.

நம் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. பாலை அமிலமிட்டு உறையவைத்தபின் எஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளன. நுண்ணுயிர்கள் அவற்றை உண்ணும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன; மீன்கள் மூச்சுத்திணறி மடிகின்றன. ஆகவேதான் 1978ஆம் ஆண்டு விதிமுறைகள் ரப்பர் ஆலைக் கழிவுநீருக்கு வரம்பு விதித்தன.

ஆலையின் கடமை ஆலைக்கு. லயத்தின் கடமை நமக்கு. வடிகாலில் குப்பை கொட்டாதிருப்போம். மருந்து தெளிக்கும் கருவியை ஓடையில் கழுவாதிருப்போம். நமக்கும் கீழே அந்நீரை நம்பி வாழ்வோர் இருக்கின்றனர்.