கப்பல் கட்டத் தெரிந்த சாமுராய்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இங்கே நடக்கும் புத்தகக் கண்காட்சியில் கிறிஸ் பிராட்ஃபோர்டின் ‘யங் சாமுராய்’ ஆங்கில நாவலை வாங்கினான். இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டு, கராத்தே வகுப்பில் சேர்த்துவிடு என்று ஒரே பிடிவாதம். “வெள்ளைக்காரப் பையன் நிஜமாகவே சாமுராய் ஆனானா அம்மா?” என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது? தமிழில் அவனுக்கு இப்படி ஏதாவது கொடுக்கலாமா?
– வாசகி, நெய்வேலி டவுன்ஷிப்

பதில்: ஜாக் ஃபிளெட்சர் என்ற பையன் கற்பனைதான். அவனுக்கு முன்னோடியான மனிதர் நிஜம். பெயர் வில்லியம் ஆடம்ஸ். அவருடைய கதையைச் சொல்லுங்கள், உங்கள் மகன் சாப்பாட்டை மறந்து கேட்பான்.

நாவலில் ஜாக்குக்கு 12 வயது. ஆடம்ஸும் அதே 12 வயதில்தான் லண்டனின் லைம்ஹவுஸில் நிக்கோலஸ் டிக்கின்ஸ் என்பவரிடம் கப்பல் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். 12 ஆண்டுகள் அங்கேயே இருந்து கப்பல் செலுத்தவும் கற்றார். 1598-இல் ராட்டர்டாமிலிருந்து 5 டச்சுக் கப்பல்கள் கிளம்பின. 1600 ஏப்ரலில் ஜப்பானின் கியூஷு கரையைத் தொட்டது அவர் வழிகாட்டிய ‘லீஃப்டே’ ஒன்றுதான். அதிலும் பசியும் நோயும் தின்றது போக, இருபத்துச் சொச்சம் பேரே உயிரோடு மிஞ்சினார்கள். எழுந்து நிற்கத் தெம்பிருந்தவர்கள் அவர்களிலும் சிலர்தான்.

அங்கே முன்பே கால் ஊன்றியிருந்த ஏசு சபைப் பாதிரியார்கள், இவர்கள் கடற்கொள்ளையர், கொன்றுவிடுங்கள் என்றார்கள். ஜப்பானில் செல்வாக்கு மிகுந்த பிரபுவான தோகுகவா இயேயாசு கொல்லவில்லை. சிறையில் வைத்து, திரும்பத் திரும்ப அழைத்து விசாரித்தார். எந்த வழியாக வந்தாய், உன் நாட்டுக்கு யாரோடு போர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கப்பல் கட்டித் தரச் சொன்னார். ஆடம்ஸ் சுமார் 80 டன் கப்பலைக் கட்டிக் காட்டினார். அதன் பிறகுதான் ஹெமியில் நிலமும், அதில் உழைக்கக் குடியானவர்களும், ‘மியூரா அஞ்சின்’ என்ற பெயரும், சாமுராய் அந்தஸ்தும் வந்தன.

இந்த வரலாற்றில் எங்கேயும் வாள் பயிற்சிப் பள்ளி இல்லை. சாமுராய் என்பது ஒரு பிரபுவிடம் சேவகம் செய்து பெறும் நிலை. ஆடம்ஸ் அதைப் பெற்றது கடலறிவால். பிராட்ஃபோர்டும் இதைக் கோட்டைவிடவில்லை. கதையில் வில்லன்கள் துரத்துவது ஜாக்கின் தலையை அல்ல, அவன் அப்பா எழுதிய கடல்வழிக் குறிப்பேட்டை. சண்டைக் காட்சிகளின் வேகத்தில் பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். அந்தப் பக்கங்களை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

நெய்வேலிப் பிள்ளைக்கு இது புரியாமல் போகாது. உங்கள் ஊரின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்பில் எழுந்தது. நிலக்கரி வெட்டும் பெரிய சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. தொழில் தெரிந்த வெளிநாட்டாருக்கு ஓர் ஊரில் என்ன மதிப்பு என்பதை அங்கே பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

நம் மண்ணிலேயே ஓர் ஆடம்ஸ் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேசியஸ் டி லனாய். கைதியாக வந்தவர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், பீரங்கியும் கோட்டையும் அமைத்தார், படைத்தலைவராகி ‘வலிய கப்பித்தான்’ எனப்பட்டார். 1777-இல் இறந்தவரின் கல்லறை தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். கன்னியாகுமரிக்குப் போகும்போது, பத்மநாபபுரம் அரண்மனையோடு திரும்பிவிடாமல் மகனை அங்கேயும் அழைத்துப் போங்கள். அவரை வைத்து இளையோருக்கு ஒரு நல்ல தமிழ் நாவல் எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தமிழில் இப்போதைக்கு ‘பொன்னியின் செல்வன்’ கொடுங்கள். வந்தியத்தேவனின் ஓட்டம் இந்த வயதுக்குச் சரியாகப் பொருந்தும். சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் கடலும் போரும் நிறைய உண்டு என்றாலும் காதல் வருணனைகளும் உண்டு. இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

கராத்தே வகுப்பில் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். சிலம்பம் சொல்லித் தரும் ஆசான் பக்கத்தில் இருந்தால் அதையும் ஒருநாள் போய்ப் பார்க்கச் சொல்லி, எது வேண்டும் என்று அவனையே முடிவு செய்ய விடுங்கள்.

ஒன்றை மட்டும் அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஜாக் தொடர் முழுக்க வீடு திரும்பத்தான் துடிக்கிறான். ஆடம்ஸுக்கும் இங்கிலாந்தில் மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள். வெகுகாலம் அனுமதி மறுக்கப்பட்டு, 1613-இல் போகலாம் என்று உத்தரவு கிடைத்தும் அவர் கப்பல் ஏறவில்லை. 1620-இல் ஹிராடோவில் இறந்தார். ஏன் போகாமல் இருந்திருப்பார் என்று மகனிடம் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள்.